கிளாப் பலகைக்கு அந்தப் பக்கம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது காரியாபட்டி. ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இறங்கும் மண்பாதையோரத்து டீக்கடையில் ஒரு குறும்படப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. கேரவன், கிரேன் எதுவும் கிடையாது. ஒரு கேமரா, வாடகை லென்ஸ், வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட இரண்டு தெர்மாகோல் அட்டைகள், பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். இயக்குகிறவர் இந்தப் பக்கத்துக்காரர். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர். அவர் வேலை பார்க்கும் படத்தின் அடுத்த ஷெட்யூல் தள்ளிப்போனதால், அந்த இடைவெளியில் சொந்தக் கதையோடு ஊருக்கு வந்திருந்தார்.

காட்சி எளியது. மகன் பெஞ்சில் டீ குடிக்கிறான். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறார். மகனைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறார். முதலில் தூரத்திலிருந்து எடுத்தார்கள். அடுத்து மகனின் முகத்துக்குக் கேமராவை நகர்த்தினார்கள். எல்லாம் தயாரானபோது நோட்டோடு நின்ற உதவி இயக்குநர்ப் பெண் கையைத் தூக்கினார்.

"அண்ணே, கிளாஸ்ல டீ கூடிப்போச்சு. முன்னாடி பாதிதான் இருந்துச்சு. சட்டைக் கையையும் மடிச்சுவிடச் சொல்லுங்க."

டீயைக் கொட்டிப் பாதியாக்கினார்கள். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையசைத்தார். இதற்குப் பெயர் கன்டினியூட்டி. திரையில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் படப்பிடிப்பில் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் பார்க்கிறவர் கண்ணில் படக்கூடாது. கிளாப் பலகையில் காட்சி எண், ஷாட் எண், டேக் எண் எழுதி, கட்டையைத் தட்டுவதும் உதவி இயக்குநர்களின் வேலைதான். தட்டுகிற சத்தத்தையும் கட்டை மூடுகிற ஃபிரேமையும் பொருத்தித்தான் எடிட்டர் படத்தையும் ஒலியையும் இணைக்கிறார்.

பதினோரு மணி தாண்டியதும் கேமராவை மூடிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறினால் கண்குழியில் நிழல் விழுந்து முகம் செத்துப்போகும். "இனிமே நாலு மணிக்குத்தான்ணே" என்று இயக்குநர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பேச்சு அவரைப் போல இங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்களின் பக்கம் திரும்பியது.

காரியாபட்டி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு அது புதிய பாதையல்ல. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் ஷங்கரிடம் உதவியாளராக இருந்தவர். 2002இல் வந்த முதல் படம் 'ஆல்பம்' கைகொடுக்கவில்லை. இரண்டாவது படத்துக்கு 2006 வரை காத்திருந்தார். ஷங்கரே தயாரித்த அந்த 'வெயில்' தேசிய விருது பெற்றது, கான் விழாவிலும் திரையிடப்பட்டது. ராஜபாளையம் பக்கத்துச் சேத்தூரிலிருந்து போனவர் சமுத்திரக்கனி. காரியாபட்டிக்குப் பக்கத்திலுள்ள மல்லாங்கிணறு எஸ்.ராமகிருஷ்ணனின் ஊர். 'சண்டக்கோழி'க்கு வசனம் எழுதியவர் அவர்.

யூனிட்டில் சேர்வது மட்டும்தான் வழி என்றில்லை. சென்னை தரமணியில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த மதுரைக்காரர் கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்தார். மேலூர்ப் பக்கத்து பி.எஸ்.வினோத்ராஜ் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபடி உலகப் படங்களைப் பார்த்தார். இயக்குநர் சற்குணத்திடம் உதவியாளராகவும் இருந்தார். தன் ஊர்ப்பக்கத்து வெயிலிலேயே எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதை வென்றது.

பெயர் வாங்கியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். நடுவில் கிடக்கிற ஆண்டுகளைத்தான் யாரும் பேசுவதில்லை. ஷூட்டிங் நடந்தால் பேட்டா உண்டு. கதை டிஸ்கஷன் மாதக்கணக்கில் இழுத்தால் பல இடங்களில் மதியச் சாப்பாடுதான் கூலி. சாலிகிராமத்தில் அறை வாடகையை நாலைந்து பேர் பங்குபோட்டுக் கட்டுகிறார்கள். நோட்டோடு நின்ற பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: "பொம்பளைப் பிள்ளைன்னு சொன்னா வீடு தரமாட்டாங்கண்ணே. சினிமான்னு சொன்னா அதுவும் போச்சு."

"விட்டுட்டு வந்துரலாம்னு தோணலையா?" என்று இயக்குநரைக் கேட்டேன்.

"தோணும்ணே. கல்யாண வீட்டு வீடியோ எடிட் பண்ணிக் குடுப்பேன். அதுல ரெண்டு மாசம் ஓடிரும்."

நாலு மணிக்கு வேலை மறுபடி தொடங்கியது. அப்பாவாக நடித்த உள்ளூர்ப் பெரியவர் சைக்கிளை இந்தமுறை வலதுபக்கம் சாய்த்து நிறுத்திவிட்டார். நோட்டு உடனே கண்டுபிடித்துவிட்டது.

அந்தக் கவனத்துக்கு விலை உண்டு. ஒளிப்பதிவுக் கருவிக்கு நாள் வாடகையை மறக்காமல் எழுதும் தயாரிப்பாளர்கள், டிஸ்கஷன் மாதங்களுக்கு உதவி இயக்குநரின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். காரியாபட்டியிலிருந்து பஸ் ஏறப்போகும் தம்பி, தங்கைகளுக்கு: எடிட்டிங்கோ கேமராவோ, சோறு போடும் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் படத்தை உங்கள் ஊரிலேயே எடுத்துப் பழகுங்கள். சேரும் இடத்தில் சம்பளத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.