ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் வித்தை

தை, மாசி மாதங்கள் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களுக்குத் தனிக்களை பிறந்துவிடும். சுண்ணாம்புக் கோடுகளும் இல்லக் கொடிகளும் ஒலிபெருக்கியின் முழக்கமுமாக விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும். இந்நாளிற் கமரா இல்லாத கை அரிது. ஆயினும் பிள்ளை ஓடிய ஓட்டத்தைத் தெளிவாகக் காட்டும் படம் அதனினும் அரிது. மஞ்சட் புகைபோன்ற ஒன்றைச் சுட்டிக்காட்டி, “இதுதான் எங்கட தம்பி” எனப் பெற்றோர் கூறக் கேட்டிருக்கின்றோம். கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் நாம், ஓய்வு வேளைகளிற் கமராவுடன் மைதான ஓரத்தில் நிற்பவராதலின், இவ்வித்தையின் நுட்பங்கள் சிலவற்றை வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

முதலாவது வேகம். 100 மீற்றரை 12 செக்கனில் ஓடும் மாணவன் ஒரு செக்கனில் 8 மீற்றருக்குமேற் கடக்கின்றான். கமராவின் ஷட்டர் ஒரு செக்கனின் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவன் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். படத்திற் புகை தோன்றுவது இதனாலேயாம். 1000இல் ஒரு பங்காயின், அவன் நகர்வது 1 சென்ரிமீற்றரினும் குறைவு. ஆதலின் ஓட்டப் போட்டிகளுக்கு இவ்வளவையே அடிப்படையாகக் கொள்க. கமராவை நோக்கி நேரே ஓடிவருபவனுக்கு 500இல் ஒரு பங்கும் பெரும்பாலும் போதும். அவன் படத்திற் குறுக்காக நகர்வது குறைவன்றோ?

இரண்டாவது ஒளி. ஷட்டர் விரைந்து மூடினால் உட்புகும் ஒளி சுருங்கும். எஃப் 2.8 அளவுக்குத் திறக்கும் வில்லை, எஃப் 5.6 அளவினதைக் காட்டிலும் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் தொலைவைக் கிட்டக் கொணரும் அத்தகைய வில்லையின் விலையோ ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதற்காக எவரும் மனந்தளர வேண்டுவதில்லை. 55–250 அல்லது 70–300 மில்லிமீற்றர் கொண்ட எளிய வில்லை, பிறர் பாவித்ததாயினும், பிற்பகல் 3 மணி வெயிலில் நன்கு உதவும். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400 என வைத்தால் 1000இல் ஒரு பங்கு எளிதிற் கிட்டும். அஞ்சலோட்டம் நடைபெறும் மாலை 5.30 மணிக்கு ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என உயர்த்த அஞ்சற்க. படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றலாம். புள்ளி விழுந்த முகத்தை அடையாளங் காணலாம், கலங்கிய முகத்தைக் காண இயலாது.

மூன்றாவது குவியம். ஓடுபவனை விடாது பின்தொடரும் வகையிற் குவியத்தை அமைத்தல் வேண்டும். கனன் கமராக்களில் இது ஏ.ஐ. சேர்வோ என்றும், நிக்கன், சொனி ஆகியவற்றில் ஏ.எஃப்.-சி என்றும் குறிக்கப்படும்.

இவை யாவும் அமைந்த பின்னரும் கருவி தராத ஒன்றுண்டு. அது கணத்தை முன்னறியும் அறிவு. 1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஈட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பார் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழுகின்ற கணத்தைக் காட்டினார். அக்கணத்திற் கால்கள், ஓவியர் பலர் தீட்டியதுபோல் முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை, வயிற்றின்கீழ் மடங்கியிருந்தன! இன்றோ ஒரே கமரா செக்கனுக்கு 10 படங்கள் எடுக்கின்றது. எனினும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நம் மாணவன் 80 சென்ரிமீற்றர் ஓடிவிடுகின்றான்; நெஞ்சு நாடாவைத் தொடுங் கணம் அவ்விடைவெளியில் நழுவிப் போகலாம். உயரம் பாய்தலிலோ, உடல் உச்சியை எய்தும்போது மேலெழும் வேகம் அற்றுப்போகின்றது. குறுக்குக் கோலில் முன்னரே குவியத்தை நிறுத்தி அக்கணத்துக்குக் காத்திருப்பவருக்கு எளிய கமராவும் நற்படம் தரும். விளையாட்டை அறிந்தவரே அதனைப் படம்பிடிக்க வல்லவர்.

இத்துணைப் பாடு எதற்கு என வினவுவாருளர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, அரிசியையும் பிள்ளைகளையும் சுமந்தனரேயன்றிப் படத்தொகுப்புகளைச் சுமந்தவர் சிலரே. நாம் நால்வர் அஞ்சலோட்டத்தில் வென்று நின்ற படமொன்று எமது வீட்டுச் சுவரில் இருந்தது. மீண்டு வந்தபோது கூரையும் இல்லை, படமும் இல்லை. அந்நால்வருள் ஒருவன் இன்று உயிரோடில்லை. கோலை எம் கையில் தந்தவன் அவன். அவன் குரல் நினைவிலிருக்கின்றது. முகமோ ஆண்டுதோறும் மங்கி வருகின்றது. அவன் தாயார், அவன் ஓடும் படம் எவரிடமேனும் உண்டோவென இன்றும் கேட்கின்றார்.

ஆதலின் வென்றவரை மட்டும் படமெடுத்து மீள்வது முறையன்று. கோலைத் தவறவிட்டவனையும், கடைசியாக வந்து சேர்ந்த சிறுமியையும் படமெடுங்கள். வளர்ந்தோர் உயரத்தில் நின்று நோக்காது முழந்தாளிட்டு அவர்தம் கண்மட்டத்திலிருந்து எடுங்கள். எடுத்தவற்றைக் கைத்தொலைபேசியிற் புதைத்து வைக்காது, நல்லவற்றைத் தாளிற் பதித்து, பின்புறத்திற் பெயரும் ஆண்டும் எழுதி, அப்பிள்ளையின் வீட்டுக்கு ஒன்றும் பாடசாலைக்கு ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள். ஈரிடத்தில் இருக்கும் படம் எளிதில் அழியாது.