நெடுந்தீவு போக எங்கே இறங்குவது?

சகோதரிகளே, விடுமுறை வந்தாலே பிள்ளைகள் "எங்கே போகலாம்?" என்று நச்சரிப்பார்கள். இம்முறை யாழ்ப்பாணத் தீவுகளை நினைத்துப் பாருங்கள். நெடுந்தீவில் 1,846 ஹெக்டேர் நிலம் 2015-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டற்றுத் திரிகின்றன. பவளக் கல் அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்க மரமும், இடிந்த கோட்டையும் பிள்ளைகளுக்கு மறக்காது.

சரி, எந்த விமான நிலையத்தில் இறங்குவது? பலாலியா, கட்டுநாயக்கவா?

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025-இல் திருச்சியிலிருந்தும் விமானம் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்து இறங்கினால், யாழ் நகரம் அரை மணி தூரம்தான். ஆனால் வருபவை சிறிய விமானங்கள். மாமிக்குச் சேலை, மச்சிக்குப் பாத்திரம் என்று பெட்டியை நிரப்பும் முன், எத்தனை கிலோ அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேவை நடக்கும் நாட்களையும் விசாரித்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

கட்டுநாயக்கவுக்கு வளைகுடாவிலிருந்து நேராக வரலாம். ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வேனில் ஒரு பகல் முழுவதும் போய்விடும். கைக்குழந்தையோ முழங்கால் வலியுள்ள உம்மாவோ உடன் இருந்தால் யோசியுங்கள்.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படகையும் கணக்கில் சேருங்கள். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போக ஒரு மணி நேரம் வேண்டும். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரம்தான். நெடுந்தீவுக்கோ கடலில் இன்னும் ஒரு மணி நேரம். படகுகள் சிலவே. ஆகவே எங்கே இறங்கினாலும் முதல் இரவு யாழ்ப்பாணத்தில்தான். ஐந்து சந்திப் பக்கம் ஹலால் சாப்பாடு கிடைக்கும். காலையில் முதல் படகைப் பிடியுங்கள். ஊர் திரும்பும் விமானத்தை நெடுந்தீவு போகும் நாளிலேயே வைக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது, விமானம் காத்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அதைத் தவிர்ப்பது நல்லது.

நாலைந்து நாள்தான் விடுமுறை என்றால் பலாலியே போதும். ஆனால் உங்கள் உறவினர் புத்தளத்தில் இருக்கிறார்களா? 1990 அக்டோபர் 30-இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்களில் ஏராளமானோர் புத்தளத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். கட்டுநாயக்கவில் இறங்கி நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே போனால் புத்தளம் வழியிலேயே வரும். அங்கே ஓரிரவு தங்குங்கள். சோனகத் தெருவில் பிறந்த பெரியம்மா இருந்தால், அவரையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் பிறந்த தெருவை உங்கள் பிள்ளைகள் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். திரும்பும்போது அவரைப் புத்தளத்தில் விட்டுவிட்டு அதே வழியில் வாருங்கள்.

அலைச்சல் கூடும்தான். ஆனால் குதிரைகள் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். பெரியம்மாவுக்கோ வயதாகிறது.