மெழுகில் வாங்கிய நிலம்

விடுமுறை நாளில் சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனால் கூட்டமெல்லாம் சிற்பத் தோட்டத்தில்தான் இருக்கும். கருங்கல்லில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், நிழலில் கொஞ்சம் உட்காருவார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் படம் மாட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதனால் கிராமம் இருக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒரு வார நாளில், கூடத்தில் ஒரு கண்காட்சி இறங்கி இன்னொன்று ஏறும் இடைவெளியில் போனேன்.

கிராமத்துக்குள் 2009-இல் திறந்த தற்காலக் கலை மையத்தின் கூடம் அது. சென்னைக் கலை இயக்கம் எனப்படும் நவீனக் கலை அலையின் படைப்புகளுக்கு அங்கே நிரந்தர அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதோடு இண்டிகோ, லேபர்னம் என்று இரண்டு கூடங்கள், மாறி மாறி வரும் கண்காட்சிகளுக்காக. ஒன்றில் நடு வயதுக்காரர் ஒருவரும் உதவிக்கு ஒரு பையனும் வேலையாக இருந்தார்கள். ஏணி சுவரோரம் சும்மா நின்றது. படங்களையெல்லாம் தரையிலேயே, சுவரில் சாய்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஆணி அடிக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன்.

"அடிச்சா ஓட்டை சார். ஓட்டைய அடைக்கணும், பட்டி பாக்கணும், பெயிண்ட் அடிக்கணும். தரையில நகத்திப் பாக்குறதுக்குக் காசு இல்ல."

படத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 57 அங்குல உயரத்தில் வர வேண்டும் என்பது உலகம் முழுக்கக் கேலரிகளில் புழங்கும் கணக்கு. அவர் டேப்பை ஒரே ஒரு தடவைதான் நீட்டினார். பிறகு தன் உடம்பையே அளவாக வைத்துப் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். அதன்பின் ரசமட்டம். பெரிய கேன்வாஸைக் கதவோரம் வைக்கலாமா என்று பையன் கேட்டதற்கு, "நுழையறவன் அதையே பாத்துட்டு நின்னுடுவான், மத்தது எல்லாம் அனாதையாப் போயிடும்" என்றார். கண்காட்சி அமைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

பிறகு படங்களின் முதுகைத் திருப்பிக் காட்டினார். கடல் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று இரும்புக் கொக்கியைத் தின்னும், துரு சட்டத்தில் இறங்கும். காகித ஓவியம் ஈரத்தை வாங்கி அலையலையாக நெளியும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும். அதனால் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுகிறார்கள். பின்னால் சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும் நிறுத்துகிறார்கள். பார்வையாளர் கண்ணுக்கு இதில் எதுவும் படாது.

சோழமண்டலம் உருவான கதையும் இப்படிக் கண்ணில் படாத ஒரு கைவேலையிலிருந்துதான் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்து வெளியே போகிற மாணவர்களுக்கு என்ன வழி என்பது அவரை அரித்த கேள்வி. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பரக் கம்பெனி, அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையம். எந்த வேலைக்குப் போனாலும் ஓவியம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படும். ஓவியம் வாங்குகிறவர்களும் அன்றைய மெட்ராஸில் அபூர்வம். அரசிடம் மனுப் போட்டுக் காத்திருக்காமல், பணிக்கரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி செய்து விற்றார்கள், கண்காட்சி வைத்தார்கள். அந்தப் பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்காட்டை வாங்கி மனைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். அது 1966. இன்று வார இறுதி மாளிகைகள் வரிசை கட்டும் இந்தச் சாலையில், அப்போது ஓலைக் குடிசைகளில் ஓவியர்கள் குடியேறினார்கள்.

பாத்திக் எப்படிச் செய்வார்கள் என்று கிராமத்து மூத்த ஓவியர் ஒருவரிடம் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல துணியில கஞ்சி போகணும் தம்பி. கஞ்சி இருந்தா சாயம் ஏறாது. அப்புறம் மெழுகு. தேன்மெழுகு மட்டும் போட்டா வளையும், வெடிக்காது. பாரபின் மட்டும் போட்டா நொறுங்கி உதுந்துடும். ரெண்டையும் கலக்கணும். எவ்வளவுன்னு கேக்காதீங்க, வெயிலைப் பாத்துதான்."

மெழுகு பட்ட இடம் சாயத்தை வாங்காது. அதை வைத்தே முழு வேலையும். வெள்ளையாக இருக்க வேண்டியதை மெழுகால் மூடி மஞ்சளில் முக்குவது, மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிச் சிவப்பில் முக்குவது, இப்படியே கருமை வரை. சூடான சாயத்தில் முக்கினால் மெழுகு உருகிவிடும் என்பதால் குளிர்ந்த சாயம்தான் சரிப்படும். துணியைக் கையில் கசக்கினால் மெழுகில் விரிசல் விழும், அதில் சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். கடைசியில் கொதிக்கும் நீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். மேலே மிதப்பதை வழித்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்வார்கள்.

"வெளுப்புலேர்ந்து கறுப்புக்குத்தான் போக முடியும். தப்பு பண்ணா திரும்பி வர வழி கிடையாது. அது எங்களுக்குப் பெயிண்டிங்லயும் உதவுச்சு" என்றார். உடனே, "ஆனா அதை யாரும் எழுத மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சென்னைக் கலை இயக்கத்தைப் பற்றிய எழுத்துகளில் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கும், கே.வி. ஹரிதாசனின் தாந்திரிக வடிவங்களுக்கும், ஜே. சுல்தான் அலியின் நாட்டார் உருவங்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. பாத்திக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். சுயாதீனம் என்று நாம் பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, அதற்குப் பணம் கட்டியது அந்தத் துணிதான் என்பது என் கட்சி. ஓவியத்தை விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால்தான் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் வரைய முடிந்தது.

உலோக வேலையும் இங்கே அப்படியே கைத்தொழிலிலிருந்து சிற்பத்துக்குப் போனது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செம்பையும் பித்தளையையும் தகடாக வெட்டி, தட்டி, பற்றவைத்து, முன்பக்கம் மட்டுமே பார்க்கும்படி எழுப்பியவை. பக்கத்தில் போய்ப் பற்றுவைப்பின் தையலைப் பாருங்கள். அதைத் தேய்த்து மறைக்காமல், கோடு வரைவதுபோல அப்படியே விட்டிருக்கிறார்.

குறையும் இல்லாமல் இல்லை. தொடக்க காலத்தில் இங்கே இயங்கிய பெண்கள் என்றால் அர்னவாஸ் வாசுதேவ், அனிலா ஜேக்கப் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைகள் எண்ணிக்கையில் குறைவு, நிலத்தின் விலை இப்போது எந்த இளம் ஓவியருக்கும் எட்டாது. மெழுகு விற்று இன்னொரு சோழமண்டலம் கட்ட முடியாது. இளையவர்களுக்கு இங்கே கிடைப்பது நிலம் இல்லை, சில நாளுக்கு ஒரு சுவர்.

அந்தச் சுவரும் சின்ன விஷயமல்ல. தனியார் வணிகக் கேலரிகளில் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கழிவு போவது வழக்கம். யாரை மாட்டுவது என்பதையும் கேலரிக்காரர்தான் தீர்மானிப்பார். பெயர் இல்லாதவருக்குக் கதவு திறப்பது கடினம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிபோல வாடகைக்குக் கூடம் கிடைக்கிற இடங்களில் கதை வேறு. நாலு நண்பர்கள் காசு போட்டு எடுக்கலாம், எது கலை என்பதை அவர்களே முடிவு செய்யலாம். விற்காவிட்டால் நஷ்டமும் அவர்களுடையதே.

நான் பார்த்த கண்காட்சியும் அப்படிக் கூட்டாகப் போட்டதுதான். பிற்பகலில் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள், கல்லூரி முடித்துச் சில வருடங்களே ஆனவர்கள். அவர்களில் ஒரு பெண் ஒரு அட்டைப் பெட்டி நிறையத் துணிப்பைகளைக் கொண்டுவந்திருந்தார். லினோ தகட்டைச் செதுக்கி மை தடவிக் கையாலேயே அச்சடித்தவை. வாசலுக்கு அருகே மேசை போட்டு விற்கலாம் என்பது அவர் எண்ணம். கூட வந்த இன்னொரு ஓவியனுக்குப் பிடிக்கவில்லை.

"கேலரியா, கடையா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"வாடகைல என் பங்கு இதுலேர்ந்துதான்டா வரணும். உன் கேன்வாஸ் வித்துடும்னு நீ எழுதிக் குடு, பையை எடுத்துட்டுப் போறேன்."

அவன் எழுதிக் கொடுக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்த நடு வயதுக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, மேசை எத்தனை அடி நீளம் என்று மட்டும் கேட்டார். பெரிய கேன்வாஸை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.