நான்கு சக்கரமும் ஓர் இருக்கையும்

எங்கள் ஊர் திருநீர்மலை என்றவுடன் வகுப்பு நண்பர்கள் கேட்பது, "சினிமாவில் ஓடிவந்து தாலி கட்டுவார்களே, அந்த மலையா?" என்பதுதான். அதே மலைதான். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. எங்கள் வீட்டில் அண்ணன் ஏழு மாதம் காத்திருந்தான், கட்டிலில்.

மழைநாள் இரவொன்றில் ஒரகடத்தில் வேலை முடிந்து திரும்பியபோது, ஜல்லி சிதறிக் கிடந்த ஒரு வளைவில் அவன் பைக் சறுக்கியது. இடது கணுக்காலில் தகடும் திருகுகளும் ஏறின. நடக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் அந்தப் பாதம் இனிமேல் கியரை மேலும் கீழும் தட்டாது. பைக்கின் முன்பாகம் நொறுங்கிவிட்டது. எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. 220 சி.சி., ஐந்து கியர், சுமார் 21 குதிரைத்திறன். அது தாழ்வாரத்தில் கோணிப்பை போர்த்திக் கிடந்தது. "காயலான் கடையில போட்டுத் தொலைங்கடா" என்று வாரம் ஒருமுறை அப்பா சொல்வார். கல்குவாரி லாரியில் முப்பது வருடம் உழைத்தவர் அவர். பழுதான வண்டியைக் கண்ணெதிரில் வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காது.

எனக்கோ வேறு யோசனை. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வண்டிக்குக் 'கிட் கார்' என்று பெயர். 1957இல் வந்த லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. அதற்கும் முன்னால், 1946இல், இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, ஜே.ஏ.பி. என்னும் 500 சி.சி. பைக் எஞ்சினைப் பூட்டி, ஓர் இருக்கைப் பந்தய வண்டி செய்தார்கள். பைக் எஞ்சின் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றுவது, சங்கிலி நீளக்கூடாது, ஆகவே எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். இப்படிச் சங்கிலிக்காகச் செய்த ஏற்பாடு பெரிய வண்டிகளுக்கும் பரவி, 1959இல் ஜாக் பிராபம் பின்எஞ்சின் கூப்பரில் உலகப் பட்டமே வென்றார். அப்பன் பிள்ளை இருவர் செய்ததை அண்ணன் தம்பி இருவர் செய்யக்கூடாதா?

பைக் எஞ்சின்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அண்ணனின் கால்தான் காரணம். கார் என்றால் கிளட்சை இடது கால் மிதிக்க வேண்டும். பைக்கின் கிளட்ச் கையில் இருக்கிறது. கியரோ ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விழுவது. பாதம் தட்டும் நெம்புகோலுக்கு ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து மேலே கொண்டுவந்தால் கையாலேயே தட்டலாம். இடது காலுக்கு வேலையே இல்லை.

நிற்க. இதில் குறைகளும் உண்டு. பைக் எஞ்சினுக்குப் பின்கியர் கிடையாது. எங்கள் தெருவில் எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டால் இறங்கித்தான் தள்ள வேண்டும். பைக்கின் ஒன்றரை மடங்கு எடையை இழுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் தேயும். இவையெல்லாம் சாலைக்குரிய தொல்லைகள். பந்தயத் தடத்துக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. இயற்பியல் மாணவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. தண்ணீர் நிறைந்த தூக்குவாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. அதே வாளியைப் பேருந்தின் தரையில் வைத்தால் குரோம்பேட்டைத் திருப்பத்திலேயே பாதி போய்விடும். பைக் வளைவில் சாய்கிறது. அதன் எண்ணெயும் கூடவே சாய்ந்து அடித்தொட்டியில் நிற்கிறது. கார் சாயாது. நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்க, பம்பு வெறும் காற்றை உறிஞ்ச, சில நொடிகளில் பேரிங் உருகிவிடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்துப் பற்றவைப்பதே இதற்கு மருந்து. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாமா, "அது பத்து நிமிஷ வேலைடா மாப்ளே" என்றார். அவருடைய பத்து நிமிடம் எவ்வளவு என்பதை எங்கள் வீட்டு கேட் அறியும்.

சாலையா, தடமா? அண்ணனுக்குச் சாலைதான் வேண்டும். தினமும் வேலைக்குப் போக வேண்டும், யாரையும் எதிர்பார்க்காமல். நான் விசாரிக்கப் போனேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாற்றக்கூடாது என்கிறது. முற்றிலும் புதிதாகச் செய்தாலோ, புனேயில் உள்ளது போன்ற சோதனை நிலையத்தில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் பெற வேண்டும். கம்பெனிகளுக்கு அது ஆகும். தாழ்வாரத்தில் வண்டி செய்கிறவனுக்கு ஆகாது. இங்கிலாந்தில் வீட்டில் செய்த ஒற்றை வண்டியையும் சோதித்துப் பதிவு செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

கோபத்தைத் தணித்தவர் அப்பா. "கேபின்ல உக்காந்தா பக்கத்துல வர்ற ஸ்கூட்டர்காரன் தலையே சில நேரம் தெரியாது. தரையோட தரையா வர்றவன் எனக்கு எப்படிடா தெரிவான்?" என்றார். நான் வரைந்த படத்தை எடுத்து அளந்து பார்த்தேன். அண்ணனின் தலை லாரிச் சக்கரத்தின் உயரத்துக்குச் சரியாக வந்தது. அதற்குப் பிறகு நான் சட்டத்தைக் குறை சொல்லவில்லை.

தடம் என்றால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு 1990இல் அங்கே நிரந்தரத் தடம் அமைந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் மாருதி எஞ்சின் பூட்டிய ஓர் இருக்கை வண்டியில் தொடங்கியது அங்கேதான். 2005இல் ஃபார்முலா ஒன்றுக்கே போனார். எங்கள் ஊரிலிருந்து குட்டி யானையில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடலாம். ஆனால் பரிசோதகர் ஒப்ப வேண்டும். தோள்பட்டை வார்கள், தீயணைப்பான், தலைக்கவசத்துக்கும் மேலே உயரும் இரும்பு வளைவு, எல்லாம் சரியாக இருந்தால்தான் சக்கரம் உருளும்.

இதைச் சொன்னபோது அண்ணன் முகம் சுருங்கியது. "வேலைக்குப் போக வண்டி கேட்டா, வருஷத்துக்கு ஒருநாள் ஓடுற தேர் காட்டுறே" என்று கம்பெனி பஸ்சுக்குப் போய்விட்டான். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் இரவு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டான்:

"ஒரு சுத்து எவ்வளவு தூரம்?"

"3.7 கிலோமீட்டர்."

"சிக்னல்?"

"ஒண்ணுகூட இல்லண்ணா."

மறுநாள் ஞாயிறு. மாமா பட்டறையின் சிமென்ட் தரையில் அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்தான். அவனைச் சுற்றி நான் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தேன். இடது கால் இருக்குமிடத்தில் ஒரு திண்டு மட்டும் குறித்தேன். கியர்க் கம்பி வலக்கைப் பக்கம். அப்பா வாசலில் நின்று பார்த்தவர், உள்ளே வந்து அவன் தலைக்கு மேல் ஒரு சாண் பிடித்துக் காட்டினார்.

"வளைவு இந்த உசரம் வரணும். குழாய்க்கு எவ்வளவு ஆகும்?"