வளர்ந்த ஆமைக்கு வழி யாது?

உள்ளங்கையில் அடங்கும் சிவப்புச்செவி ஆமைக்குஞ்சை விரும்பி வாங்குகிறோம். அதுவோ 12 அங்குலம் வரை வளரும். 30 ஆண்டு வாழவும் கூடும். தொட்டி போதாதபோது, “மீன்காட்சிச்சாலைக்குத் தானமாகக் கொடுத்தால் என்ன?” என்று மாணவர் நம்மைக் கேட்பதுண்டு. தானம் என்றதும் நம் மனச்சுமை இறங்கிவிடுகிறது. ஆனால் அச்சுமை பிறர் தலையில் ஏறுகிறது.

காட்சிச்சாலையில் இடம் அளவானது. நலமாகத் தோன்றும் ஆமையும் நோய்க்கிருமிகளை அங்குள்ள உயிர்களுக்குக் கொண்டுசேர்க்கலாம். ஆகவே அதைப் பல நாள் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். இதனாற் பல காட்சிச்சாலைகள் ஏற்க மறுக்கின்றன. மறுக்கப்பட்டதைக் குளத்தில் விட்டாலோ, அக்குளத்து ஆமைகளின் இரையையும் வெயில்காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். யப்பான் 2023இல் இவ்வாமையை விற்பதையும் வெளியே விடுவதையும் தடைசெய்தது.

எனவே, வாங்குமுன் அதன் ஆயுளை எண்ணிப் பார்ப்போம். இறுதிவரை பேண இயலாதெனின், வாங்காதிருத்தலே சீவகாருண்யம்.