சித்தப்பாவும் ஒரு தண்ணி பாட்டிலும்

சித்தப்பாவோட பழைய பிக்கப்புல முன் கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுறது நின்னு போயி ஒரு வருஷம் இருக்கும். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச தீர்வு, சீட்டுக்குப் பக்கத்துல ஒரு லிட்டர் பாட்டில். கண்ணாடி மங்குச்சுன்னா வண்டியை நிறுத்தாமலே வலது கையை வெளிய நீட்டி ஊத்துவார்.

1903ல அமெரிக்காவுல வைப்பருக்குக் காப்புரிமை வாங்கின மேரி ஆண்டர்சன், டிராம் ஓட்டுறவர் கண்ணாடியைத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டினதைப் பாத்துதான் யோசிச்சாங்களாம். நம்மாளு அதுக்கும் முந்தின காலத்துல இருந்தார் :-)

தீபாவளிக்கு வல்லம் போயிருந்தேன். விடியறதுக்கு முன்னாடி மல்லாட்டை மூட்டையோட அவர் திண்டிவனம் கிளம்ப, நானும் தொத்திக்கிட்டேன். மழை விட்டு ரோடெல்லாம் சேறு. முன்னாடி போன லாரி அதை அள்ளி அடிச்சுது. வைப்பர் ஒரு சுத்து வந்து, கண்ணாடி முழுக்க காபி கலர்ல மெழுகி விட்டுடுச்சு. எதிர்ல ஒரு லைட் வந்ததும் மொத்தமும் வெள்ளை. சித்தப்பா ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில பாட்டில். தண்ணி வழிஞ்ச இடைவெளியில, ரொம்ப கிட்டத்துல ஒரு பால்காரரோட சைக்கிள்.

பிரேக். பின்னாடி மூட்டை சரியுற சத்தம். பால்காரர் திரும்பிக்கூட பாக்கலை. நாங்க திண்டிவனம் வர்ற வரைக்கும் பேசிக்கலை.

அன்னைக்கு மதியமே பானட்டைத் திறந்துட்டேன். ஒரு பட்டறையில 'மோட்டார் போச்சு, மாத்தணும்'னு சொல்லியிருந்தாங்களாம்.

இதுக்கு முதல் டெஸ்ட் காதுதான். இன்ஜின் ஓடாம, சாவியை மட்டும் ஆன்ல வச்சு ஸ்விட்சை இழுத்தா 'ஙொய்'னு சத்தம் வரணும். வந்தா கோளாறு தண்ணிப் பக்கம். வரலைன்னா கரண்ட் பக்கம். வரலை. ஃபியூஸ் நல்லா இருந்துச்சு. மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயர்லயும் ஒரு 12 வோல்ட் பல்பை வச்சு, சித்தியை ஸ்விட்சை இழுக்கச் சொன்னேன். எரியலை. பல்போட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சேன், பளிச்! அப்ப பிளஸ் வருது, எர்த்துதான் இல்லை. பாடியில எர்த் முடுக்கியிருந்த போல்ட் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்கினதும் 'ஙொய்'!

சித்தப்பா கை தட்டினார். தண்ணி வரலை.

ஒரு பக் சரி பண்ணா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும்னு ஆபீஸ்ல தினம் பாக்குறவன்தானே நான். மோட்டார்கிட்ட டியூபைக் கழட்டினேன், சட்டையெல்லாம் தண்ணி. நடுவுல டி மாதிரி பிரியுற இடத்துலயும் வந்துச்சு. மிச்சம் நாசில்தான். எங்க ஊரு போர் தண்ணி, சோறு வடிக்கிற குண்டான்லயே வெள்ளையா படியும். குண்டூசி ஓட்டையை விட்டு வைக்குமா? போதாததுக்கு சித்தப்பா நுரைக்காக ஷாம்பூ பாக்கெட் வேற ஊத்தியிருக்கார். நாசிலைக் கழட்டி எலுமிச்சம்பழச் சாத்துல ஊறப் போட்டு, தண்ணி வெளிய வர்ற பக்கத்துலேர்ந்து சைக்கிள் பம்பால ஊதினேன். (உள்பக்கத்துலேர்ந்து ஊதினா அடைப்பு இன்னும் இறுகும்.)

பட்டறையில சொன்ன மாதிரி புது மோட்டார் போட்டிருந்தாலும் ஒரு சொட்டு வந்திருக்காது.

முதல் பீச்சு கூரையைத் தாண்டிப் போயி கோழி மேல விழுந்துச்சு. ஊசியால நாசிலைக் கொஞ்சம் கீழ திருப்பினேன். ரெண்டாவது கண்ணாடி நடுவுல.

"பாட்டிலை எடுத்துடலாமா சித்தப்பா?"

"இருக்கட்டும்பா. தாகத்துக்கு ஆவும்."