வங்கக் கடலின் வெப்பக் கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கு, அதுவும் மதுரைக்காரனுக்கு, கடல்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? 2018 நவம்பர் 16-ல வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல், கடலே இல்லாத திண்டுக்கல் வழியாத்தான் கேரளாவுக்குப் போச்சு. அதனால இது நம்ம கதையும்தான் மக்களே.

புயலுக்குத் தீனி கடலோட சூடு. ஆனா மேல்மட்டம் மட்டும் சூடா இருந்தா பத்தாது. காத்து தண்ணியைக் கலக்கும்போது அடியில இருக்கிற குளிர்ந்த நீர் மேல வந்து புயலைச் சோர வச்சுடும். சூடான அடுக்கு தடிமனா இருந்தா அது நடக்காது. அதனாலதான் 26 டிகிரிக்கு மேல எவ்வளவு சூடு இருக்குன்னு ஆழம் வரைக்கும் தொகையிடறாங்க. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் இந்தக் கணக்கை வெளியிடுது. ஆர்கோ மிதவைகள் சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்துல இருந்து அளந்துக்கிட்டே மேல வருது.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்க. ஆழம் 0, 10, 20, 30, 50, 75 மீட்டர். வெப்பம் 29, 29, 28, 28, 27, 26 டிகிரி. 26-க்கு மேல இருக்கிறது 3, 3, 2, 2, 1, 0. சும்மா சராசரி எடுத்து 75-ஆல பெருக்கினா 137.5. ஒவ்வொரு இடைவெளிக்கும் தனியா சராசரி எடுத்து அதோட தடிமனால பெருக்கிக் கூட்டினா 30+25+20+30+12.5 = 117.5. வெப்பமா மாத்தினா முதல் விடை சதுர சென்டிமீட்டருக்கு 56 கிலோஜூல், ரெண்டாவது 48. 50-ஐத் தாண்டினா புயல் சட்டுனு வலுக்க வாய்ப்பு அதிகம்னு ஒரு பொது அளவுகோல் உண்டு. ஒரே தண்ணி, ரெண்டு தீர்ப்பு!

வகையிடலும் அப்படித்தான். 10–20, 30–50, 50–75 மூணு இடத்துலயும் சரிவு 1 டிகிரிதான். தடிமனால வகுத்தா மீட்டருக்கு 0.1, 0.05, 0.04.

பைத்தானோட எக்ஸ்அர்ரே தொகுப்புல இன்டெக்ரேட், டிஃப்ரன்ஷியேட்னு ரெண்டு கட்டளை இருக்கு. ஆழ அச்சோட பேரைக் கொடுத்தா போதும், இடைவெளியை அதுவே பாத்துக்கும். சராசரி எடுக்கிற ‘மீன்’ கட்டளை (கடல் மீன் இல்லீங்க :-)) தடிமனைக் கண்டுக்காது.

சரக்கு மதிப்பீட்டுல 10 மூட்டை ஒரு விலைக்கும் 25 மூட்டை வேற விலைக்கும் வாங்கினா, ரெண்டு விலையையும் கூட்டி பாதியாக்க மாட்டோம்ல? கடலுக்கும் அதே விதிதான். என்ன, இங்க கணக்கு பிசகினா நாகப்பட்டினத்துல ஒரு படகு வீணா கரையில நிக்கும், இல்ல நிக்க வேண்டிய படகு கடலுக்குப் போயிடும்.